நாலரை மணி ஆராதனையை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், செயலர், பொருளாளர் அண்ணாச்சிகளுக்கும், சேகர மன்றத்தார் அனைவருக்கும்,

ஞாயிறு அதிகாலை நாலரை மணி ஆராதனை இனி கிடையாது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினீர்கள். அதற்கு அடுத்த ஞாயிறே எட்டரை மணி ஆராதனையின் வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுக்க ஆரம்பித்தீர்கள். அட்டையில் 52 கட்டங்கள். வந்த ஞாயிறுக்கு ஒரு முத்திரை. முதல் பாடம் வாசித்து முடிவதற்குள் உள்ளே வராதவருக்கு அதுவும் கிடையாது. மாதத்தில் இரண்டு முத்திரைக்குக் குறைந்தால் பெயர் ‘ஒழுங்கற்றோர்’ பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் இருப்பவர் வீட்டு ஞானஸ்நானம், திருமண ஓலை (ஆராதனையில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு), கல்லறை இடம் எல்லாமே மன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டது என்று அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது.

இரண்டும் வேறு வேறு முடிவுகள், ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடாதீர்கள் என்று கேட்டவர்களிடம் சொன்னீர்களாம். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. எங்களால் வர முடிந்த ஒரே நேரத்தை எடுத்துவிட்டு, வரவில்லை என்று எங்கள் பெயரை எழுதி வைக்கிறீர்கள். இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை. நம் சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகர மன்றத்தின் கூட்டத்தில் பேச எனக்கு இடமில்லாததால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஞாயிறு டூட்டி எனக்கு வராத மாதம் கிடையாது. காலை ஷிஃப்ட் என்றால் ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும். இரவு ஷிஃப்ட் என்றால் அதே ஏழரைக்குத்தான் வெளியே வர முடியும், ஹேண்டிங் ஓவர் முடிந்து பஸ் பிடித்து வீடு சேர ஒன்பதாகும். நாலரை மணி ஆராதனை இருந்த வரையில் இரவு ஷிஃப்ட் தவிர மற்ற ஞாயிறு எதையும் நான் விட்டதில்லை. என் கதை இவ்வளவுதான். மற்றவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

நாலரைக்கு யார் யார் வருகிறார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஈஸ்டர் அன்று இருட்டோடு வருவீர்கள், அன்று ஊரே வரும். மற்ற ஞாயிறுகளில் வருகிறவர்களைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு மஸ்டரில் பெயர் கொடுக்க வேண்டிய தூய்மைப் பணியாளர்கள் சீருடையோடேயே வருவார்கள். முதல் டிரிப் எடுக்கிற கண்டக்டர் தோளில் பையோடு வந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று கடைசிப் பெஞ்சில் ஓரமாக உட்காருவார். இரவுக் காவல் முடிந்த வாட்ச்மேன் வருவார். பக்கவாதத்தில் கிடக்கும் மாமியார் கண் விழிப்பதற்குள் வீடு திரும்ப வேண்டிய ஒரு அக்கா வருவார், செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவார். புரோட்டா மாஸ்டர் ஒருவர் வருவார், அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எண்ணெய் வாசனை வரும், அதனால் தூணோரமாகத் தனியே உட்காருவது அவர் வழக்கம்.

ஜவுளிக்கடைப் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஞாயிறுதான் கடையில் கூட்டம் அள்ளுகிற நாள். வார லீவு செவ்வாயோ புதனோ. நாள் முழுக்க நின்றே சேலை விரிக்கிற வேலை. விற்கிறவர்களுக்கு உட்கார ஒரு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளைகள் கோயிலுக்கு வந்தால் பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஐயா ஒருநாள் பார்த்துவிட்டு, ‘உட்கார்ந்தே பாடுங்கம்மா, ஆண்டவருக்குக் கால்வலி தெரியும்’ என்று சொன்னீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். அவர்கள் மறக்கவில்லை.

கீபோர்டு கிடையாது. ஒரு கட்டையை அமுக்கினால் எழும்பாத பழைய ஆர்மோனியம்தான். அதையும் வாசிக்க ஆளில்லாத நாளில் வெறும் வாயால் பாடுவோம். யாரும் புத்தகம் திறப்பதில்லை, பாமாலையும் கீர்த்தனையும் மனப்பாடம். வெளித் திண்ணையில் தூக்குவாளிகளும் டிபன் பைகளும் வரிசையாக இருக்கும். பிரசங்கம் பத்து நிமிடம். நாற்பது ஆண்டாக அந்தக் கோயிலில் பிரசங்கம் கேட்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், ஐயாவின் பிரசங்கங்களில் நாலரை மணிப் பிரசங்கம்தான் நேராக நெஞ்சுக்கு வரும். அலங்காரத்துக்கு அங்கே நேரமில்லை.

இந்த ஆராதனையை ஏன் நிறுத்தினீர்கள்? மன்றத்தில் மூன்று காரணம் பேசப்பட்டதாக உறுப்பினர் ஒருவரே சொன்னார். வருகிறவர்கள் நாற்பது பேருக்கு மேல் இல்லை. காணிக்கை கரண்ட் பில்லுக்கே காணாது. எட்டரை மணி ஆராதனை நேரலையில் போவதால் கேமரா, எல்.இ.டி. திரை எல்லாம் ஆறு மணியிலிருந்தே அமைக்க வேண்டும், அதற்கு முன் கோயிலைத் திறந்து மூடுவது சிரமம்.

நாற்பது பேர் குறைவு என்பதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. இரண்டு மூன்று பேர் கூடினாலும் நடுவில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்ளலாம். காணிக்கை விஷயம் அப்படி விடுவதற்கில்லை. பொருளாளர் அண்ணாச்சி, அந்தப் பையில் விழுவது பத்து ரூபாய் நாணயங்களும் கசங்கிய இருபதும்தான், உண்மை. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று இயேசு பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாற்கு 12-ல் இருக்கிறது. அவர் கணக்குப் பார்த்த விதமும் அங்கேயே இருக்கிறது: இரண்டு காசு போட்ட ஏழை விதவைதான் எல்லாரையும்விட அதிகம் போட்டாள் என்றார். ஒவ்வொரு ஸ்தோத்திரப் பண்டிகையிலும் அந்த இரண்டு காசு விதவையைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறோம். அவளே நம் கோயிலுக்கு வந்திருந்தால் கரண்ட் பில்லைக் காட்டியிருப்போம் போலிருக்கிறது.

கேமரா காரணத்துக்கு என்ன சொல்ல என்றே தெரியவில்லை. நேரலையில் பார்க்கிற சபையாருக்கு, அதாவது துபாயிலும் டெக்சாஸிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு, பீடத்திலிருந்தே வாழ்த்துச் சொல்கிறீர்கள். நல்லதுதான், தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஆறுதல். ஆனால் அவர்கள் படுக்கையில் சாய்ந்து பார்ப்பதற்கு வசதி செய்ய, தெருக்கூட்டப் போகிற முன் கும்பிட்டுவிட்டுப் போக வந்தவர்கள் முகத்தில் கதவைச் சாத்தினீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

இனி அட்டை. இது வெறும் அட்டை, யாரையும் கோயிலை விட்டுத் தள்ளவில்லை என்கிறீர்கள். கண்டக்டர் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொல்ல மாட்டார். ஓலை வாசிக்கக் கொடுக்கப் போனவரிடம் அட்டையைக் கேட்டீர்கள். அதில் இருந்தது ஒரே ஒரு முத்திரை. மன்றத்தில் வைத்துத்தான் முடிவு என்று ஒரு வாரம் தள்ளினீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு வீட்டில் ஏதோ இருக்கிறது, கோயிலே யோசிக்கிறதே என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு ஓலை வாசித்தீர்கள், கல்யாணமும் நடக்கப் போகிறது. ஆனால் அந்த ஒரு வாரம் அந்த மனிதர் யார் முகத்தையும் பார்க்காமல் டிக்கெட் கிழித்தார். டிரிப் போகும்போது மீதிச் சில்லறையை இறங்குகிற இடம் வரை நினைவு வைத்துக் கூப்பிட்டுக் கொடுக்கிற கண்டக்டர் அவர். இந்த ஊரில் அப்படி எத்தனை பேர் என்று பஸ்ஸில் போகிறவர்களைக் கேளுங்கள். உங்கள் அட்டையில் அவர் ஒழுங்கற்றவர்.

என் வார்டில் ஒரு ஞாயிறு நடந்ததையும் எழுதுகிறேன். அட்டை வந்த பிறகு நடந்தது.

பஸ் ஸ்டாண்டில் கிடந்தார் என்று 108-ல் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. காலில் புண், உள்ளே புழு. வார்டுக்குள் நுழைந்ததும் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். இந்தப் புண்ணுக்கு டர்பன்டைன் விட்டால் புழுக்கள் மேலே வரும், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், மறுபடி விட வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். எனக்கு உதவிக்கு நின்றது ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் அம்மா. நம் சபையார்தான். நாலரை மணி ஆராதனையில் இரண்டாம் பெஞ்சு. நான் புழு எடுக்கிற வரையில் பெரியவர் காலை அசையாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தார். வலியில் அவர் கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினார். இந்த அம்மா அதற்குப் பதில் பேசவில்லை, வாய்க்குள்ளேயே ஒரு கீர்த்தனையை முனகிக்கொண்டிருந்தார். கழுவிக் கட்டுப் போட்டு முடித்தபின், நான் சொல்லாமலே வெந்நீர் கொண்டுவந்து அவர் முகத்தைத் துடைத்து, தாடியில் ஒட்டியிருந்த மண்ணை எடுத்து, யாரோ விட்டுப் போன துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். அது அவர் வேலையே அல்ல. தரை துடைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம், அதுவும் மாதம் தவறாமல் வருவதில்லை.

நாங்கள் இதைச் செய்துகொண்டிருந்த நேரம் கோயிலில் இரண்டாம் மணி அடித்திருக்கும். இருவர் அட்டையிலும் அந்தக் கட்டம் காலி. வியாதியாயிருந்தேன், விசாரிக்க வந்தீர்கள் என்று மத்தேயு 25-ல் ராஜா சொல்லப் போகிறாரே, அந்த நியாயத்தீர்ப்பு நாளில் யாரிடமாவது மஞ்சள் அட்டை கேட்பாரா? நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உங்கள் பதிலைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் வேலையே ஆராதனை, கோயில் எதற்கு என்கிறாள்’ என்று யாரும் திரிக்க வேண்டாம். நான் சொல்வது அதுவல்ல. வேலையே ஆராதனை என்பது சொல்ல நன்றாக இருக்கும், அதை நம்பி ஆறு மாதம் கோயில் பக்கம் போகாமல் இருந்து பாருங்கள், வேலை வேலையாகத்தான் இருக்கும், கடுப்பும் எரிச்சலும்தான் மிஞ்சும். அந்த அம்மா வாய்க்குள் முனகிய கீர்த்தனை வார்டில் முளைத்ததல்ல, நாலரை மணிக்குப் பாடிப் பாடி ஊறியது. ஆராதனையை நிறுத்தியபின் நர்ஸ்கள் நாங்கள் இரண்டு பேர் டியூட்டி ரூமில் ஐந்து நிமிடம் ஜெபித்துப் பார்த்தோம், போன் மணியும் காலிங் பெல்லும் விடவில்லை. சபையாகக் கூடுவதற்குப் பதில் அது ஆகாது. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் 10:25-ஐ அட்டையில் அச்சடித்திருக்கிறீர்கள். நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். கூடிவருகிற நேரம் எட்டரை என்று மட்டும் அந்த வசனத்தில் இல்லை.

அந்த நேரம் எப்படி வந்தது என்று மன்றத்தில் யாருக்காவது நினைவிருக்கிறதா? என் தாத்தா பனையேறி. பங்குனியிலிருந்து ஆடி வரை பருவம். பதநீருக்காகப் பனம்பாளை சீவுகிறவனுக்கு ஞாயிறு கிடையாது, காலையும் மாலையும் ஏறிச் சீவாவிட்டால் பாளை வீணாகிப் போகும், அந்த வருஷப் பிழைப்புப் போகும். பனையேறிகள் கோயிலுக்கு வர முடியவில்லை என்றபோது ஊர்ச் சபையை நடத்திய அந்தக் காலத்து உபதேசியார் அவர்கள் பெயரை எழுதித் தொங்கவிடவில்லை. மணியை நாலரைக்கு அடித்தார். அருவாப்பெட்டியையும் கலயத்தையும் கோயில் திண்ணையில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், முடித்ததும் நேராகப் பனங்காட்டுக்குப் போனார்கள் என்று பாட்டி சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை இறக்கிய பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டி கோயிலுக்கு. அதில் ஒரு வட்டைக்கூட வீட்டுப் பிள்ளைகள் தொடக் கூடாது. பாட்டி சோறு வடிக்கும்போதெல்லாம் பிடி அரிசி தனியே எடுத்து வைப்பார், அது ஊழியத்துக்கு. 1903-ல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பிஷப் ஆன அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல் நம் பணம், நம் ஆட்கள் என்றுதான் தொடங்கினார்கள். அந்தப் பணம் எங்கேயிருந்து வந்தது? இப்படிப்பட்ட அடுப்படிகளிலிருந்தும் பனங்காடுகளிலிருந்தும் வந்தது. மரத்தின் மேலே இருந்தவனும் அடுப்பு முன்னால் இருந்தவளும் ஆராதனையில்தான் இருந்தார்கள். அதை அன்றைய சபை அறிந்திருந்தது, அதனால்தான் மணி அடிக்கும் நேரத்தை அவர்களுக்காக மாற்றியது.

இன்னும் பின்னால் போனால் இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல என்று தெரியும். கி.பி. 112 வாக்கில், இப்போதைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட ரோம அதிகாரி பிளினி, பேரரசன் டிராஜனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினான். நம்மைப் பிடிக்காதவன் எழுதியது. இவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், சொன்ன சொல் தவற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தர மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டு கலைகிறார்கள் என்பது அவன் விசாரித்து அறிந்தது. விடிவதற்கு முன். ஏனென்றால் அன்று ஞாயிறு வேலை நாள், சபையில் பலர் அடிமைகள். அவன் உண்மையை வரவழைக்கச் சித்திரவதை செய்ததும் சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை. கான்ஸ்டன்டைன் 321-ல் சட்டம் போட்ட பிறகுதான் ஞாயிறு விடுமுறை நாளானது. அந்தச் சட்டமும் பயிர்த்தொழில் செய்கிறவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. ரோமப் பேரரசனுக்குப் புரிந்தது நம் சேகர மன்றத்துக்குப் புரியவில்லை. இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலை ஐந்து மணிக்குப் பிரசங்கித்ததும் வேலைக்குப் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான். (அப்போஸ்தலர் 20-ல் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கிக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மாடியிலிருந்து விழுந்தான் அல்லவா? அவனும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவனாக இருப்பான் என்பது என் எண்ணம். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார்.)

எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற வசனத்தைப் புது எல்.இ.டி. திரையில் பெரிதாகப் போடுகிறீர்கள். கொலோசெயர் 3:23. அதற்கு முந்தின வசனத்தையும் ஒருநாள் போடுங்கள். பவுல் அங்கே பேசுவது வேலைக்காரரிடம், எஜமானுக்குக் கீழ்ப்பட்டிருந்தவர்களிடம். லீவு கேட்க வாயில்லாதவர்களிடம்தான் அவர் முழு மனதோடு செய்யச் சொன்னார், அதைக் கர்த்தரை சேவிப்பதாகவே எண்ணச் சொன்னார். ரோமர் 12-ல் சரீரத்தையே ஜீவபலியாகக் கொடுங்கள் என்றார். இரவெல்லாம் கண் விழித்த சரீரம், நாளெல்லாம் நின்ற கால், சாக்கடை அள்ளின கை. அதைக் கொண்டுவந்து வைத்தவர்களிடம் நீங்கள் முத்திரை எங்கே என்கிறீர்கள்.

வருகைப் பதிவுதான் பக்திக்கு அளவு என்றால் வேறொன்றையும் அளக்க வேண்டும். போன பண்டிகைக்கு முன் எல்.இ.டி. திரைக்கு மேடை கட்டினீர்கள், டைல்ஸ் மாற்றினீர்கள். நேரமில்லை என்று கொத்தனாரையும் சித்தாளையும் ஞாயிறும் வரச் சொன்னீர்கள். இங்கே ஆராதனை நடக்கும்போது பின்னால் வெஸ்ட்ரி பக்கம் கல் அறுக்கிற சத்தம் கேட்டது, பொறுத்துக்கொண்டோம். அவர்களில் இரண்டு பேர் நம் சபையார். கோயில் வேலைக்காகக் கோயிலுக்கு வராதவர்கள். பண்டிகை முடிந்து, அசனம் முடிந்து, பாத்திரம் கழுவி ஷாமியானா பிரித்துக் கொண்டுபோனபிறகும் அவர்கள் கூலிப் பாக்கி தீரவில்லை. ‘ஆடிட் முடியட்டும்’ என்றீர்கள். பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிடு என்று உபாகமம் 24 சொல்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவியில் விழுந்தது என்கிறது யாக்கோபு 5:4. எட்டரை மணிப் பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்தச் சத்தமும் கூடவே மேலே போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த சித்தாள் அக்காவின் அட்டையிலும் முத்திரை குறைவு என்று கேள்விப்பட்டேன்.

ஐயாவின் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. சேகரத்தில் நாலு கோயில், ஒரே ஞாயிறில் ஊர் ஊராகப் பைக்கில் போக வேண்டும், ஆள் இல்லை. கோயிலைத் திறந்து மணி அடிக்கிற கோயில்பிள்ளை மூன்றரைக்கு எழும்ப வேண்டும், அவருக்கும் வயதாகிறது. இந்த இரண்டு சிரமத்தையும் காரணமாகச் சொல்லியிருந்தால் நாங்களே வந்து என்ன செய்யலாம் என்று பேசியிருப்போம். இவற்றைச் சொல்லவில்லை. காணிக்கையையும் கேமராவையும் சொன்னீர்கள், அதுதான் வலிக்கிறது.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

நாலரை மணி ஆராதனையை வருகிற மாத முதல் ஞாயிறிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஐயா மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து நற்கருணை கொடுத்தால் போதும். மற்ற வாரங்களில் உபதேசியாரோ, மன்றம் அங்கீகரிக்கிற சபையார் ஒருவரோ நடத்தட்டும். கதவு திறக்க, விளக்குப் போட, மணி அடிக்க, பெருக்க நாங்கள் முறை வைத்துக்கொள்கிறோம், கோயில்பிள்ளை தூங்கட்டும். ஐந்தே முக்காலுக்குள் கோயிலைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடுகிறோம், கேமராக்காரர்களுக்கு ஒரு நிமிடம்கூட நஷ்டமில்லை. ஒரு டியூப்லைட்டும் இரண்டு மின்விசிறியும் போதும். அதற்கான கரண்ட் செலவைத் தனியே கணக்கிட்டுச் சொன்னால் அதையும் நாங்களே கட்டுகிறோம், ஆனால் அப்படி ஒரு கணக்கைக் கோயில் கேட்க வேண்டாம் என்றுதான் விரும்புகிறேன்.

‘ஒழுங்கற்றோர்’ பட்டியலை ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே எழுதிய பெயர்களை அடித்துவிட்டோம் என்று இரண்டு ஆராதனையிலும் வாசியுங்கள், கிசுகிசுப்பில் போன மானம் அறிவிப்பில்தான் திரும்பும். ஞானஸ்நானத்தையும் ஓலையையும் கல்லறையையும் முத்திரையோடு கட்டிவைக்காதீர்கள். கண்டக்டர் வீட்டுக்கு மன்றத்திலிருந்து இரண்டு பேர் நேரில் போய், தள்ளிப் போட்டது தப்பு என்று சொல்லிவிட்டு வாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் இருக்கும்போது போனால் இன்னும் நல்லது.

வராதவர்கள் யார் என்று தெரிய வேண்டுமானால் அட்டை வேண்டாம், வீடு வேண்டும். வட்டாரத்துக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொண்டு, ஏன் வர முடியவில்லை என்று போய்க் கேளுங்கள். சிலர் சோம்பேறித்தனத்தால் வராமல் இருப்பார்கள், அவர்களைக் கடிந்துகொள்ளுங்கள், நானே கூட வருகிறேன். மற்றவர்களிடம் எந்த நாள், எந்த நேரம் முடியும் என்று எழுதி வாருங்கள். ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்குச் செவ்வாய் மாலை ஒரு மணி நேரம் வைத்தால் கோயில் நிரம்பும் என்பது என் கணிப்பு.

கொத்தனார், சித்தாள் கூலிப் பாக்கியை ஆடிட்டுக்குக் காத்திராமல் இந்த வாரமே தீர்த்து, தீர்த்ததை வரவு செலவுக் கணக்கோடு பலகையில் ஒட்டுங்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, முடிவை எழுத்தில் தாருங்கள். நாலரை மணி ஆராதனையார் சார்பில் இரண்டு பேர் வந்து பேச அனுமதி வேண்டும். கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வைக்காமல் வார நாளில் இரவு எட்டு மணிக்கு மேல் வைத்தால் எங்களால் வர முடியும். தேதியை ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், டூட்டி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நாலரை மணி ஆராதனைச் சபையாரில் ஒருத்தி